உப்பிட்டு வாட்டிய பன்றித்தொடையின் உணவுச் சத்து

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் விடுதித் தோழன் ஒருவன் என்னைத் தன் இல்லத்திற்கு விருந்தினனாக அழைத்துச் சென்றான். அவன் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினன். அவன் பாட்டனார் இரயில்வேயில் நெடுங்காலம் ஊழியம் புரிந்து ஓய்வு பெற்றவர். திருநாளன்று நண்பகல் விருந்தில், மேசையின் நடுவே பெரியதொரு தட்டில், வாட்டிய பன்றித்தொடை ஒன்று கொணர்ந்து வைக்கப்பெற்றது. அதன் மேற்புறம் பொன்னிறமாய்ப் பளபளத்தது. கத்தியாற் கட்டங் கட்டமாகக் கீறி, கட்டத்திற்கு ஒரு கிராம்பாகக் குத்தியிருந்தார்கள். பாட்டனார் மகிழ்ச்சியோடு கத்தியைக் கையிலெடுத்தார். உடனே அவர் மகளார், "மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னது மறந்துவிட்டதா?" என்றார். பெரியவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கே ஒரு வாதம் எழுந்தது. இறைச்சியில் என்ன உப்பு இருந்துவிடப் போகிறது என்றார் ஒருவர். முதுமையில் உடல் தேய்கின்றவர்க்கு இதைவிடச் சத்துள்ள உணவு வேறுண்டோ என்றார் மற்றொருவர். புற்றுநோய் வருமென்று பத்திரிகையிற் படித்ததாக மூன்றாமவர் சொன்னார். இறுதியில், "கல்லூரியிற் படிக்கின்றாயே, நீ சொல்" என்று எல்லாரும் என்னை நோக்கினார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் பயில்கின்ற யான் என்ன சொல்வேன்? தட்டையே நோக்கியிருந்தேன். அந்த வெட்கத்தினாற் கல்லூரி திரும்பியபின் நூல்நிலையத்திலும், இரசாயன வகுப்பு நண்பர்களிடத்திலும் கற்றறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். பன்றியூனை விலக்கும் சமயத்தினரும், புலாலையே மறுத்தோரும் நம் கல்லூரியில் உளர். அவர்கள் இதனை உணவு நூலின் ஓர் அதிகாரமாக மட்டும் கொண்டு படிப்பாராக.

'ஹாம்' என்று ஆங்கிலத்தில் வழங்குவது பன்றியின் பின்னந்தொடை. பச்சையாகச் சமைப்பதை அப்பெயரால் அழைப்பதுண்டெனினும், பெரும்பாலும் உப்பிட்டுப் பதஞ்செய்த தொடைக்கே அப்பெயர் வழங்கும். நம்மவர் 'உப்புக்கண்டம்' என்று சொல்வதும் இவ்வினமே; ஆனால் உப்புக்கண்டம் சிறு துண்டங்களாக அறுத்து வெயிலில் உலர்த்தப்படுவது; ஹாமோ வெயில் குறைந்த குளிர்நாடுகளில் முழுத் தொடையாகவே பதஞ்செய்யப்படுவது. தமிழர்க்கும் பன்றியின் கொழுமை புதிதன்று. அரிசி மாவை ஊட்டிப் பலநாள் குழியில் நிறுத்திக் கொழுக்கவைத்த ஆண்பன்றியின் ஊனைக் கள்ளோடு பாணர் பெறுவரென்று பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. ஓடியாடாத விலங்கு கொழுக்கும் என்னும் இந்நாளைய பண்ணை நூலை அக்காலத்துக் கள் விற்போர் நன்கறிந்திருந்தனர் போலும்.

பதஞ்செய்யும் வழி இரண்டு. ஒன்று, உலர்ந்த உப்பைத் தொடையின்மேல் அழுத்தித் தேய்த்து, குளிர்ந்த அறையில் வாரக்கணக்காக வைத்து, பின்னர் மாதக்கணக்காகத் தொங்கவிட்டு முதிரச் செய்வது. உப்பு தசையினுள் ஊறுந்தோறும் தசையின் நீர் வெளியே வடிகின்றது. மற்றொன்று, உப்புநீரில் ஊறவைப்பது. இந்நாளில் ஆலைகளில் ஊசிகளைக் கொண்டு உப்புநீரைத் தசைக்குள்ளேயே செலுத்திச் சில நாட்களில் வேலையை முடித்துவிடுகின்றார்கள். கடையில் விற்கும் ஹாமிற் பெரும்பகுதி இவ்விரண்டாம் வகையே. சர்க்கரை சேர்ப்பதும், கட்டைப் புகையூட்டுவதும் அவ்வவ்விடத்து வழக்கம். இங்ஙனம் பதஞ்செய்ததை மூடிய அடுப்பில் மெல்ல வாட்டுவதே விருந்து மேசைக்கு வரும் உணவு.

வெறும் உப்போடு இக்கதை முடிவதில்லை. வாட்டிய ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் பழுப்பு நிறமாகின்றன. ஹாம் மட்டும் எவ்வளவு சூடேறினும் ரோஜா நிறம் மாறாதிருக்கின்றது. இதன் காரணம் உப்போடு கலக்கும் வெடியுப்பு. துப்பாக்கி மருந்துக்கு உரிய அதே வெடியுப்புத்தான். பீகார் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பல் கப்பலாக இங்கிலாந்திற்கு ஏற்றினர். அதிற் பெரும்பகுதி போர்க்களத்திற்குச் சென்றதேனும், இறைச்சிக்கு உப்பிடுவோர்க்கும் அப்பண்டம் வேண்டியதாயிருந்தது. உப்பிட்ட தொடையில் வாழும் ஒருவகை நுண்கிருமிகள் வெடியுப்பிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டினின்று தோன்றும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு, தசைக்குச் செந்நிறம் தரும் மையோகுளோபின் என்னும் பொருளோடு பிணைகின்றது. அப்பிணைப்பு வெப்பத்தாற் கெடாமல் ரோஜா நிறமாக நிலைக்கின்றது. இவ்விரகசியத்தை 1901ஆம் ஆண்டில் விளக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர். இக்காலத்து ஆலைகள் கிருமிகளின் உதவிக்குக் காத்திராமல் நைட்ரைட்டையே நேராக அளந்து சேர்க்கின்றன.

நிறத்திற்காக மட்டுமாயின் அதனைச் சேர்க்க வேண்டுவதில்லை என்று யானும் முதலில் நினைத்தேன். பெல்ஜியம் நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரம் என் எண்ணத்தை மாற்றியது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எல்ஸெல் என்னும் சிற்றூரில் ஒரு முதியவரின் அடக்க ஆராதனைக்கு வாத்தியம் வாசிக்க வந்த குழுவினர், சடங்கு முடிந்தபின் உப்பிட்ட ஹாமை உண்டனர். பின்னர் அவர்களுக்குப் பார்வை இரட்டையாயிற்று, விழுங்க இயலவில்லை, பேச நாவெழவில்லை, கைகால் தளர்ந்தன. மூவர் மாண்டனர். கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எமில் வான் எர்மெங்கம் என்னும் பேராசிரியர் அந்த ஹாமின் மிச்சத்தையும் இறந்தோர் உடலையும் ஆராய்ந்து, காற்றில்லாத இடத்திற் பெருகும் ஒரு கிருமியைக் கண்டெடுத்து, 1897இல் வெளியிட்டார். இன்று 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்று பெயர் வழங்குவது அதுவே. அது கக்கும் நஞ்சு, மனிதர் அறிந்த நஞ்சுகள் யாவற்றினும் கொடியவற்றுள் ஒன்று. பெரியதொரு தொடையின் நடுவில் உப்பு சென்று சேருமுன் காற்றில்லாத தசைக்குள் இக்கிருமி பெருகக் கூடும். அதனைத் தடுப்பதில் நைட்ரைட்டு வல்லது. ஆகவே அது நிறத்திற்கு மட்டுமன்றி உயிர்க்காவலுக்கும் ஆயிற்று. இக்காவலனே வேறொரு வகையிற் பகைவனும் ஆகக்கூடும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிச் சத்துக்களின் கணக்கு. அமெரிக்க வேளாண்மைத் துறையார் வெளியிட்டுள்ள உணவு அட்டவணையின்படி, சாதாரணக் கொழுப்புள்ள எலும்பு நீக்கிய ஹாமை வாட்டி, அதில் 100 கிராம் எடுத்தால், நீர் ஏறத்தாழ 64½ கிராம், புரதம் 22½ கிராம், கொழுப்பு 9 கிராம். இம்மூன்றையும் கூட்டினால் 96 ஆகின்றது. எஞ்சிய நான்கு கிராம் எது? அதுவே சாம்பற் பொருள், அஃதாவது தாதுப் பொருள். அதிற் பெரும்பங்கு உப்பே. மாவுப்பொருள் இல்லை என்றே சொல்லலாம். மேலே தேனோ சர்க்கரையோ அன்னாசிச் சாறோ பூசி வாட்டினால் அவ்வினிப்பைத் தனியே கணக்கிடல் வேண்டும். உடலுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 175 கலோரி. இது பெரிய அளவன்று.

புரதத்தை முதலிற் பார்ப்போம். 22½ கிராம் என்பது ஏறத்தாழ நான்கு கோழிமுட்டைகளிற் கிடைப்பது. சமைக்காத துவரம்பருப்பு 100 கிராமிலும் இவ்வளவு புரதம் உண்டு. ஆயினும் வெந்து நீரேறிய பருப்பில் அதே எடைக்கு இதிற் சிறு பங்கே நிற்கும். அன்றியும், நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளமாட்டாத அமினோ அமிலங்கள் எல்லாம் ஊனில் ஒருங்கே தக்க விகிதத்தில் உள்ளன. பருப்பிலோ மெத்தியோனின் என்பது குறைவு. பருப்போடு சோற்றைச் சேர்த்துண்ணும் நம் வழக்கம் அக்குறையை நிரப்பிவிடுகின்றது என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஊனுண்டால்தான் உடல் வளரும் என்பார் கூற்று மெய்யன்று.

கொழுப்பைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. பன்றிக் கொழுப்பு முழுவதும் தீயது என்று பலர் நினைக்கின்றனர். இந்த ஒன்பது கிராமிற் பாதியளவு, ஒலிவ எண்ணெயிற் பெருகியுள்ள ஒலீயிக் அமிலத்தின் இனத்தது. இரத்தக் கொழுப்பை உயர்த்துவதாகச் சொல்லப்படும் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ மூன்று கிராம். மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் கொழுப்பை வெட்டி ஒதுக்குவார்க்கு இன்னும் குறையும்.

இரும்பு 1⅓ மில்லிகிராம். அளவிற் சிறிதெனினும் கீரையிலுள்ளதைவிட எளிதில் இரத்தத்திற் சேரும் இனத்தது. துத்தநாகம் 2½ மில்லிகிராம். பாஸ்பரஸும் பொட்டாசியமும் தக்க அளவில் உள்ளன. ஆயினும் ஹாமுக்குத் தனிப்பெருமை தருவது தையமின் எனப்படும் பி-1 வைட்டமின். 100 கிராமில் 0.7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உள்ளது. வளர்ந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 1.2 மில்லிகிராம், ஆகவே ஒரு நாளைத் தேவையிற் பாதிக்கு மேல் கிடைத்துவிடுகின்றது. மாட்டிறைச்சியில் இதிற் சிறு பங்கே உண்டு. பன்றி தான் உண்ணும் தையமினைத் தன் தசையிற் சேமித்துவைக்கும் இயல்புடையது. நீரிற் கரைவதும் வெப்பத்தால் அழிவதும் இச்சத்தின் குறை; உப்புநீரில் ஊறும்போதும் அடுப்பில் வாடும்போதும் ஒரு பகுதி போய்விட, எஞ்சியதே மேற்சொன்ன அளவு.

தையமின் கதையில் நம் பக்கத்து ஊரொன்றுக்கும் பங்குண்டு. கைகால் மரத்து, நெஞ்சு வீங்கி மாளச் செய்யும் பெரிபெரி என்னும் நோய், தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்த கீழ்நாட்டாரை வாட்டியது. ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மன் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்கு அந்நோய் போன்றதொன்று வருவதையும், தவிட்டால் அது நீங்குவதையும் கண்டார். தவிட்டிலிருந்து அச்சத்தைப் படிகமாக ஜான்ஸென், டோனாத் என்னும் இருவர் 1926இற் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பைக் கண்டறிந்து இரசாயன சாலையிற் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் இராபர்ட் இரன்னல்ஸ் வில்லியம்ஸ், ஆண்டு 1936. இவர் 1886இல் அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த நெல்லூரிற் பிறந்தவர்; இவர் பெற்றோர் அமெரிக்க பாப்டிஸ்து மிஷனரிகள். பின்னாளில் மணிலா நகரில், தாய்ப்பாலிற் சத்தின்மையாற் சாகுந் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாறு ஊட்டி அவை பிழைத்தெழுவதைக் கண்ட நாள் முதல் அதுவே அவர் வாழ்நாள் வேலையாயிற்று. நெல்லூருக்கு வடக்கேயுள்ள கடற்கரை மாவட்டங்களிற் பச்சரிசி உண்டோர்க்குப் பெரிபெரி மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது என்பதே காரணம். மேனாட்டார் பன்றித்தொடையிற் பெற்றதை நம் பாட்டிமார் நெல் அவிக்கும் அண்டாவிற் பெற்றனர்.

இனி உப்புக்கு வருவோம். பாட்டனார் தட்டின் வழக்கு இதுவே. உப்பின் தீங்கு பெரும்பாலும் அதிலுள்ள சோடியத்தினால் வருவது. உப்பிடாத பன்றித்தொடையை வாட்டினால் 100 கிராமில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் சோடியமே உண்டு. உப்பிட்ட ஹாமில் அது 1,500 மில்லிகிராம், இருபத்தைந்து மடங்கு. இதனை உண்ணும் உப்பாகக் கணக்கிட்டால் 3.8 கிராம். உலக சுகாதார நிறுவனத்தார் நாள் முழுவதற்கும் வகுத்த எல்லை 2,000 மில்லிகிராமுக்குட்பட்ட சோடியம், அஃதாவது 5 கிராம் உப்பு. ஆகவே 100 கிராம் ஹாம் உண்டவர் அந்நாளைய உப்பில் முக்காற்பங்கை ஒரே வேளையில் முடித்துவிட்டார். குழம்புக்கும் கூட்டுக்கும் ஊறுகாய்க்கும் எஞ்சுவது ஒரு தேக்கரண்டியிற் கால் அளவு கூட இராது. உலர்ந்த உப்பில் மாதக்கணக்காக முதிர்ந்த நாட்டுப்புற ஹாமில் சோடியம் 2,000 மில்லிகிராமையும் கடந்து நிற்கும். அவ்வகையைச் சமைக்குமுன் நீரில் நெடுநேரம் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி வடிக்கும் வழக்கம் அதனால் வந்தது. கொழுப்புக் குறைந்ததென்று எழுதி விற்கும் ஹாமும் இவ்வகையில் நம்மைக் காப்பதில்லை. அதிற் கொழுப்பு 5½ கிராமாகக் குறைகின்றது. சோடியமோ 1,200 மில்லிகிராமாக நிற்கின்றது.

"இறைச்சியில் என்ன உப்பு?" என்றவர்க்கு இது விடை. நாக்கு இதனை உணராமைக்கும் காரணம் உண்டு. மேலே பூசிய இனிப்பும், கொழுப்பின் வழவழப்பும் உப்பின் கரிப்பை மறைத்துவிடுகின்றன. அப்பளத்தை வாயிலிட்டவுடன் உப்பென்று அறிகின்றோம். இதனை அங்ஙனம் அறிவதில்லை. மிகுந்த சோடியம் உடலில் நீரைத் தேக்குகின்றது. குருதியின் அளவு மிகுகின்றது. குழாய்களின்மேல் அழுத்தம் ஏறுகின்றது. முதுமையில் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அதனை வெளியேற்றல் கடினம்.

புற்றுநோயைப் பற்றிச் சொன்னவர் படித்ததும் பொய்யன்று. 2015ஆம் ஆண்டு அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவகம் ஹாம் முதலிய பதஞ்செய்த இறைச்சிகளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்னும் முதல் வகுப்பிற் சேர்த்தது. புகையிலையும் அவ்வகுப்பிலேயே உள்ளதாதலின், ஹாமும் புகையிலையும் ஒன்றென்று பத்திரிகைகள் சில முழங்கின. அது பிழை. சான்று எவ்வளவு உறுதி என்பதையே அவ்வகுப்பு காட்டுகின்றது; தீங்கு எவ்வளவு பெரிது என்பதை அன்று. நாள்தோறும் 50 கிராம் பதஞ்செய்த இறைச்சி உண்பார்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு மிகும் என்பது அவர்கள் கணக்கு. பதினெட்டு என்றவுடன், நூற்றுவரில் பதினெண்மர்க்கு நோய் வரும் என்று அஞ்சற்க. ஒரு நாட்டில் நூற்றுவரில் அறுவர்க்கு வாழ்நாளில் அந்நோய் வருமென வைத்துக்கொண்டால், அவர் யாவரும் நாள்தோறும் அவ்வாறு உண்டால் அறுவர் எழுவராவர். எழுவராம் அந்த ஒருவர் நம் வீட்டவராயின் அது சிறிதன்று என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு நாள்தோறும் உண்பார்க்கு உரியது. ஆண்டில் ஒரு திருநாளில் உண்பார்க்கு அன்று.

இத்தீங்கிற்கு ஒரு காரணமாகக் கருதப்படுவது மேற்சொன்ன நைட்ரைட்டே. அது புரதச் சிதைவினின்று வரும் அமீன்களோடு கூடி நைட்ரோஸமீன் என்னும் பொருள்களை உண்டாக்கக்கூடும். அவற்றுள் ஒன்று எலிகளின் ஈரலிற் புற்றுநோய் விளைப்பதை 1956இல் மகீ, பார்ன்ஸ் என்னும் இருவர் காட்டினர். அதன்பின் ஆலைகள் நைட்ரைட்டோடு வைட்டமின் ஸி இனத்துப் பொருளையும் சேர்க்கலாயின. அது நைட்ரோஸமீன் தோன்றுவதைக் குறைக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023இல் நைட்ரைட்டின் உச்ச அளவைக் குறைத்து விதி செய்தனர். இத்தாலியின் பார்மா ஹாமோ உப்பையன்றி வேறொன்றும் சேராமற் பதஞ்செய்யப்படுகின்றது. ஆயின் அதற்கு நீண்ட காலமும் குளிர்ந்த இடமும் மிகுந்த விழிப்பும் வேண்டும். விரைவாகவும் மலிவாகவும் வேண்டுவோர்க்கு அவ்வழி இல்லை.

பன்றியூனில் இருக்கும் திருகுப்புழுவைப் பற்றி ஒரு சொல். 1835இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றிற் பிணத்தை அறுத்துப் பயின்ற மாணவர் ஜேம்ஸ் பாஜெட், தசையில் மணல்போல் உறுத்திய வெண்புள்ளிகளை உற்றுநோக்கி அதனுள் சுருண்டிருந்த புழுவைக் கண்டார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தொன்று. பிறர் பலர் அப்புள்ளிகளைக் கண்டும் காணாது விட்டனர். நன்கு வெந்த ஊனில் அப்புழு உயிர் பிழையாது.

இத்துணையும் அறிந்தபின், தோழனின் பாட்டனார்க்கு ஒரு கடிதம் எழுதினேன். மருத்துவர் சொல்லே முடிந்த சொல் என்று தொடங்கி, மெல்லிய ஒரு துண்டம், 30 கிராம் எடையுள்ளது, 450 மில்லிகிராம் சோடியமும், ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட உப்பும் உடையதென்றும், அன்று பிற உணவுகளில் உப்பைக் குறைத்தால் அதற்கு இடமுண்டா என்று மருத்துவரையே கேட்கலாமென்றும் கணக்கிட்டு அனுப்பினேன். இரண்டு வாரங்கழித்து விடை வந்தது. மருத்துவர் ஒரு துண்டத்திற்கு இசைந்தாராம். மகளார் சமையலறைத் தராசில் அதனை நிறுப்பதாகவும் முடிவாயிற்றாம். கடிதத்தின் கீழே நடுங்கிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஹாம் எலும்பைப் பருப்போடு வேகவைத்துச் சாறாகக் குடித்தால் அது கணக்கிற் சேருமா?

சேரும். எலும்பைச் சுற்றிய தசையிலுள்ள உப்பு நீரிற் கரைந்து சாற்றிலேயே நிற்கும். ஆதலின் அச்சாற்றில் வேறு உப்பு இடாமல், நீரும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்து, ஒரு சிறு கிண்ணமே அருந்துமாறு எழுதியிருக்கின்றேன்.